ரதிதேவி பெட்டி தேடிய குளிர்காலம்

செய்வினை என்றுதான் முதலில் காதில் விழுந்தது. வெஸ்ட்கேட்டில் இருக்கும் சீதா என் தோழி ரோஸ்மேரியிடம் சொல்ல, ரோஸ்மேரி என்னிடம் சொன்னார். ஆக்லாந்தில், கிளென் ஈடனில் எங்கள் தெருமுனைப் பூங்காவில், ஊஞ்சலுக்குக் கீழே கொட்டியிருக்கும் மரப்பட்டைத் தூளுக்குள் ஓர் அம்மா எதையோ புதைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறாராம். கையில் என்னவோ மின்னுகிறதாம். நடக்க நடக்கக் குனிந்து, கடைசியில் முழங்காலில் விழுந்து தோண்டுகிறாராம். தமிழ் அம்மாதானாம்.

"செப்புத் தகடா இருக்கும்லா," என்றார் ரோஸ்மேரி. "யாரு வீட்டுக்கு வெக்கிறாங்களோ."

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறீங்க. இதெல்லாம் நம்பறீங்களா?"

"நான் நம்பலை. ஆனா உங்க வீடுதானே பார்க்குக்கு எதுத்தாப்புல இருக்கு. அதான் சொல்லி வெச்சேன்."

என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். ஈப்போவை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் இந்த ஊரில் எந்தக் கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள் போடவேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த வாரம் முழுக்கத் திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை, தூறலில், அந்த அம்மா வந்தார். பைக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்தார். மரப்பட்டையைக் கிளறி அதைப் புதைத்தார். பிறகு இடத்தை மறப்பதற்காகவோ என்னவோ, பூங்காவை இரண்டு மூன்று முறை வேகமாகச் சுற்றி வந்தார். தான் ஒளித்ததைத் தானே மறக்கப் பாடுபடுகிற ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன். தொப்பி விலகியபோது முகம் தெரிந்தது. ரதிதேவி அக்கா.

அவரை எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒடாஹுஹுவில் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கிறவர். கணவர் நவரத்தினம் அண்ணன் பேருந்து ஓட்டுகிறார். ஒருமுறை எனக்கும் அவர்தான் இரத்தம் எடுத்தார். நான் பயந்து கண்ணை மூடியிருந்தபோது, கோயில் தேரைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்து மடக்கிவிட்டார். இப்படிப்பட்ட கை தகடு புதைக்குமா?

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"என்னாக்கா தேடறீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். வெட்கப்படவில்லை.

"ஆளை," என்றார். "பனிக்குள்ள புதைஞ்ச ஆளை."

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்ததைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற கருவி. சின்னத் திரையில் ஓர் அம்பும் ஓர் எண்ணும். அதை 'பீக்கன்' என்பார்களாம். மலைக்குப் போகிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒன்று கட்டியிருக்கும். பனிச்சரிவில் ஆள் புதைந்துபோனால் அவருடைய பீக்கன் உள்ளேயிருந்து சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்பு காட்டும் பக்கம் ஓடவேண்டும். எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது பனிச்சறுக்குக் கழகத்தில் இரவல் வாங்கிய இன்னொரு பீக்கன்.

"சரிக்கா. கண்டுபிடிச்சீங்களா?"

"எங்க தாட்டனான் எண்டு எனக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் இந்தச் சனியன் அங்க காட்டுதில்லை," என்றார். "ஷாமளா, உங்களுக்கு நேரமிருக்கே? நீங்கள் ஒளிச்சு வைக்கிறியளே?"

அந்தக் குளிர்காலம் சனிக்கிழமைதோறும் நான் பெட்டி ஒளிப்பவள் ஆனேன்.

தேடித் தேடி அலுக்கும்போது ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து கதைப்போம். அவர் கதைப்பார், நான் பேசுவேன். கிளிநொச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்து, கோழி பொதி செய்யும் தொழிற்சாலை, பிறகு முதியோர் இல்லம், பிறகு படித்துத் தேறி இந்த வேலை. மகள் கிருசாந்தி படிப்புக்காக டனீடனுக்குப் போன வருஷம், வேலையிடத்தில் எல்லோரும் சில்வர்டேலுக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் பனியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோடை மாரி என்றில்லாமல் சறுக்கலாம். ரதி அக்கா போனது மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோக. யாரோ காலில் பூட்ஸை மாட்டிவிட்டார்கள்.

"பின்னேரம் முழுக்க விழுந்தன்," என்றார். "விழுந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. ஐயோ எண்டு ஓடி வரேல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக் கிடந்தது. விழ விழ நான்தானே எழும்பினன்."

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம், ஒரு கழகத்தில் சேர்ந்து, ருவாபெஹு மலையில் ஆளை மேலே கொண்டுபோய் விடும் லிஃப்ட் இருக்கிற சரிவுகளில் கற்றுக்கொண்டார். திருப்பத் தெரிந்தது, நிற்கத் தெரிந்தது. அப்போதுதான் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே சில பேர் காலில் மாட்டிய ஸ்கீப் பலகைகளோடு மலையில் நடந்து ஏறுவதைப் பார்த்தார். லிஃப்ட் இல்லை, பாதை இல்லை, சமப்படுத்திய பனி இல்லை. ஸ்கீயின் அடியில் ரோமம் வைத்த ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டால் முன்னால் வழுக்கும், பின்னால் சறுக்காது. உச்சிக்குப் போய்ப் பட்டையை உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

"லிஃப்ட் ஏத்திவிட்டா, ஆரோ இறக்கிவிட்ட இடத்தில நிக்கிற மாதிரி இருக்கும். பிளேன்ல வந்து இறங்கினமே, அந்த மாதிரி. ஏறிப் போனா வேற."

அந்தப் பூட்ஸைப் பழக்குவதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாராம். நவரத்தினம் அண்ணன் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டாராம்: "வீட்டுக்க ஆமி வந்தமாதிரிக் கிடக்கு, கழட்டும் அதை."

செப்டெம்பரில் கழகத்தின் பயணம். சனிக்கிழமை போய் மலைமேல் கழக வீட்டில் தங்கி, ஞாயிறு காலை எல்லைக்கு வெளியே ஏறுவது. புதியவர்கள் எல்லோருக்கும் ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை. பனிக்குள் புதைத்த பீக்கனைக் குறித்த நேரத்துக்குள் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்கவேண்டும். முடியாதவர் அன்று மலைக்கு இல்லை; வீட்டில் சூப் குடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான். பயிற்சி கொடுக்கும் ட்ரேசி இதில் இரக்கமே காட்டமாட்டாராம். இரண்டிரண்டு பேராகத்தான் ஏறுவார்கள். நீ புதைந்தால் உன் துணை தோண்டவேண்டும், அவர் புதைந்தால் நீ. தேடத் தெரியாதவரை நம்பி இன்னொருவரை எப்படி ஏற்றிவிடுவது? ஒருமுறை ஆக்லாந்திலேயே, புல்வெளியில் வைத்த ஒத்திகையில் ரதி அக்கா தவறியாகிவிட்டது. மற்றவர்கள் பீக்கனுக்குப் பத்தடிக்குள் போய்விட்டார்கள். இவர் மட்டும் சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி அங்குமிங்கும் ஓடினார். அம்பு ஒரு பக்கம் காட்டும், அடுத்த நொடி மறுபக்கம்.

"ட்ரேசி கேட்டவா, போனை நிப்பாட்டினியா எண்டு. ஓம் எண்டன்."

எங்கள் பூங்காவிலும் அதே கதைதான். விளக்குத் தட்டை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் கருவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருவார். தூரத்தில் எண் ஒழுங்காகக் குறையும். கிட்டே வந்ததும் தாறுமாறாகக் குதிக்கும். நான் பெட்டிக்கு மேலேயே நின்றுகொண்டு வேறெங்கோ பார்ப்பேன். என்னைத் தாண்டிப் போய் ஊஞ்சல் தூணில் தேடுவார்.

ரோஸ்மேரியும் ஒரு சனிக்கிழமை வந்தார். தகடு இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வந்தவர், என்னைவிட நன்றாக ஒளிப்பவர் என்று நிரூபித்துவிட்டுப் போனார். குப்பைத்தொட்டியின் பின்புறம், பாசி பிடித்த இலைக்குவியலுக்கு அடியில் வைத்தார். "வெஸ்ட்கேட் சீதாவுக்கு இப்ப என்னா சொல்றது?" என்று மட்டும் கவலைப்பட்டார். "அவங்க பாதி ஊருக்குச் சொல்லிட்டாங்களே."

ஆகஸ்ட் கடைசியில்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. ரதி அக்கா தேடிக்கொண்டு வந்தார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. சட்டென்று அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ அதிர்ந்தது. அதே நொடியில் எண் எகிறியது. அக்கா ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மறுகையைச் சட்டைக்குள் விட்டு, இரண்டாவது அதிர்வுக்கு முன்னால் எடுத்துவிட்டார்.

"ஓம், சொல்லுங்கோ... பிரிட்ஜில மேல்தட்டில... இல்லை, நீலமூடி... ஓம்." வைத்தார். "இவர். மிளகாய்த்தூள் தேடுறார்."

"அக்கா, போன் ஆஃப்ல இல்லையா?"

"சைலன்ட்ல தானே கிடக்கு."

"ட்ரேசிகிட்ட ஆஃப்னு சொன்னீங்க."

"சத்தம் வராது தானே," என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. இரத்தம் எடுக்கிற இடத்தில் வேலை செய்கிறவருக்கு, ஒரு கருவியின் பக்கத்தில் போனை வைத்தால் அது குழம்பும் என்று தெரியாதா என்ன. தெரியும். தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

"அந்த பெஞ்ச்ல வெச்சிட்டு வாங்களேன்."

வைத்தார். நடந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார். அம்பு ஆடவில்லை. எண் ஒழுங்காக இறங்கியது. ஆனால் பெட்டிக்கு இரண்டு எட்டு இருக்கும்போது அக்கா தேடுவதை விட்டுவிட்டு பெஞ்சுக்குத் திரும்பி ஓடினார். போனை எடுத்துப் பார்த்தார். யாரும் அழைத்திருக்கவில்லை. அப்படியே அங்கே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னார். சண்டையின் கடைசி மாதங்கள். அவருடைய தம்பி திலக்சன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அக்கா அப்போது முதியோர் இல்லத்தில் வேலை. வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும் என்பது அங்கே விதி. ஒரு நாள் வேலை முடிந்து திறந்து பார்த்தால் ஒரு தவறிய அழைப்பு. தெரியாத, நீளமான எண். திருப்பி அடித்தபோது வேறு யாரோ எடுத்து, அந்தப் பெடியன் அப்பவே போயிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் சத்தமில்லை.

நான் குடையை மடக்கினேன்.

"இல்லை இல்லை," என்றார் அக்கா அவசரமாக. "இருக்கிறான். முகாமில இருந்திருக்கிறான். இப்ப பாரிசில ரெஸ்டோரண்டில குசினி வேலை. ரெண்டு பிள்ளையள். ஆள் சாப்பிட்டுச் சாப்பிட்டு நல்லா வண்டியும் வைச்சிட்டான்."

ஆனால் போன் உடம்பை விட்டு இறங்கவே இல்லை. தூங்கும்போது தலையணைக்குக் கீழே. குளிக்கும்போது சோப்புக்குப் பக்கத்தில். இரண்டாவது மணி அடிப்பதற்குள் ரதி எடுப்பாள் என்று டொரொன்டோவில் இருக்கும் அவருடைய அக்கா முதல் ஒடாஹுஹு பேருந்து நிலையத்தில் தேநீர் குடிக்கிற கணவர் வரை எல்லோருக்கும் பழகிவிட்டது. எடுப்பார் என்பதாலேயே எல்லோரும் அவரைத்தான் அழைத்தார்கள். அவருடைய போனில், எடுக்காதபோது ஒலிக்கும் குரல் அஞ்சலுக்கு என்று ஒரு வார்த்தைகூடப் பதிவு செய்யவில்லை. தேவைப்பட்டதே இல்லையாம்.

"போனை அணைக்கலாமான்னு தம்பிகிட்டயே கேளுங்கக்கா," என்றேன். எனக்கே ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

பாரிசில் அப்போது முந்தைய நாள் இரவு; கடை மூடும் நேரம். அக்கா அவனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே திலக்சனின் குரல் வந்தது. அக்கா பீக்கன், அம்பு, ட்ரேசி எல்லாவற்றையும் சொன்னார். அலமாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அக்கா, நீ இன்னும் அண்டைக்கு எடுக்காததைப் பிடிச்சுக்கொண்டே நிக்கிறாய்?"

அக்கா போனை இன்னும் கிட்டே பிடித்தார்.

"அண்டைக்கு நான் உனக்கு ஏன் அடிச்சனான் எண்டு தெரியுமே? போனுக்கு லைன்ல நிண்டு என்ர முறை வந்தது. உன்ர நம்பர்தான் மனப்பாடம். சும்மா அடிச்சன். நீ எடுத்திருந்தா என்ன செய்திருப்பாய்? பிளேன்ல வந்து தூக்கியிருப்பியே?"

"உன்ர குரலைக் கேட்டிருப்பன்."

"இப்ப கேக்கிறாய் தானே. ஒவ்வொரு நாளும் கேக்கிறாய். காது புளிக்கேல்லையே?" பாத்திரம் ஏதோ விழுந்தது. அவன் பிரெஞ்சில் யாரையோ திட்டிவிட்டு வந்தான். "நீ எடுக்காட்டி நான் செத்துப்போக மாட்டன். பிறகு அடிப்பன். ஆனா அங்க பனிக்குள்ள கிடக்கிற ஆளுக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்லையெல்லோ? நிப்பாட்டு அக்கா."

"சரியடா."

"சரியெண்டு சொல்லிப்போட்டு சைலன்ட்ல போடுவாய். உன்னை எனக்குத் தெரியும்."

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். "அதார் பக்கத்தில? பெட்டி ஒளிக்கிறவவே? நீங்கள் ஒருக்காப் பாருங்கோ, நிப்பாட்டுறாவோ எண்டு."

அழைப்பு முடிந்தது. ரதி அக்கா பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. ஊசி குத்தும்போது நோயாளிக்குச் செய்வதுபோல, தனக்குத் தானே ஒருமுறை மூச்சை இழுத்து விட்டார். போனை என் கையில் தரவில்லை. பையின் அடியில், மழைச்சட்டைக்குக் கீழே வைத்தார். நான் பெட்டியை ரோஸ்மேரி காட்டிய இலைக்குவியலில் கொண்டுபோய் ஒளித்தேன். அக்கா நேராக வந்தார். வளைந்து, குனிந்து, தரையோடு தரையாகக் கருவியைத் தாழ்த்தி, நின்று, கையால் தோண்டினார். ஆரஞ்சு மூடி தெரிந்தது. எனக்குப் பனியும் தெரியாது, மலையும் தெரியாது. அந்த மூடியைப் பார்த்ததும் ஆள் ஒருவரை உயிரோடு எடுத்தது மாதிரித்தான் இருந்தது.

ஆனால் பூங்காவில் போனை அணைப்பது வேறு, மலையில் வேறு. இங்கே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு பகல் முழுக்க. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த சனிக்கிழமையே அணைத்தபிறகு ஒருமுறை தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து போட்டுப் பார்த்தார். டொரொன்டோ அக்கா ஒரு பூனைப் படம் அனுப்பியிருந்தார்.

பயணத்துக்கு முந்தின நாள் ரோல்ஸ் பொரித்து, எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்து தந்தார். குளிரில் கல்லாகிவிடும் என்று ட்ரேசி சொல்லியும் கழகத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பொரித்திருந்தார். வாசலில் நின்றபடி சொன்னார்:

"ஞாயிறு மத்தியானம் எனக்கு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. சோதினை விடியவே முடிஞ்சிடும். தவறினனெண்டா நான் கீழ வீட்டிலதான் இருப்பன். போனும் கையில இருக்கும். எடுப்பன். எடுத்தனெண்டா ஒண்டும் கேக்காதேங்கோ, என்ன? ரோல்ஸ் எப்பிடி எண்டு மட்டும் கேளுங்கோ."

"பாஸாயிட்டா?"

"பாஸெண்டா நான் ஏன் எடுக்கிறன்?"

சனி இரவு காற்று. எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஆடியது. ருவாபெஹுவின் வானிலையை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஞாயிறு காலை அங்கே தெளிவான வானம், காற்று குறைவு என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வானிலையை நம்பினாலும் அந்தப் பொத்தானை நம்ப முடியவில்லை.

மத்தியானம் நவரத்தினம் அண்ணன் வந்துவிட்டார். காலை முறை முடித்து, பேருந்துச் சீருடையோடு. பழைய டப்பாவைத் திருப்பித் தர வந்ததாகச் சொன்னார். அது என்னுடைய டப்பாவே இல்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடிச்சிட்டியளே?"

"இன்னும் இல்லண்ணே. நீங்க அடிக்கலையா?"

"எனக்குத் தடை," என்றார். "மிளகாய்த்தூள், சீனி, சாம்பார்த்தூள், எல்லாத்திலயும் பேர் எழுதி ஒட்டிப்போட்டுப் போயிருக்கிறா. அடிக்கக் காரணமே இல்லாமச் செய்துபோட்டா." டப்பாவை மேசையில் வைத்தார். "தம்பியின்ர விசயத்துக்குப் பிறகு நான் அடிச்சு அவ எடுக்காம விட்டதில்லை, தெரியுமே. பஸ்ஸில எனக்கு ஒருத்தன் அடிச்சுப்போட்டான், மூக்கில ரத்தம். பொலிசுக்கு முதல் அவவுக்குத்தான் அடிச்சன். ஒருக்கா மணி அடிச்சதுதான். எடுத்திட்டா." டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "நான் இண்டைக்கு அவ எடுக்கக்கூடாது எண்டு கும்பிட்டுக்கொண்டு வாறன். இப்பிடி ஒரு கும்பிடு ஆரும் கும்பிட்டிருப்பினமோ தெரியாது."

நான் அழைத்தேன். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன். இரண்டு பேரும் குனிந்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்து, "ஓம், சொல்லுங்கோ" என்பார். நான் ரோல்ஸைப் பற்றிக் கேட்பேன்.

மணி அடிக்கவே இல்லை. ஒரு சின்ன அமைதி. சிக்னல் கிடைக்காத இடமாக இருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், வேறென்னவும் ஆகியிருக்கலாம் என்று ஒரு மூச்சுக்குள் அத்தனையையும் நினைத்துவிட்டேன். பிறகு அந்தக் குரல் வந்தது. பின்னால் காற்றும், யாரோ ஆங்கிலத்தில் கூப்பிடுவதும், பூட்ஸ் பனியில் நெரிபடும் சத்தமும்.

"நான் ரதி. கண்டுபிடிச்சிட்டன். இப்ப ஏறப்போறம், அதால எடுக்கேலாது. இறங்கி வந்து எடுக்கிறன்."

அதற்குப் பிறகு ஒரு பீப் ஒலி. நாங்கள் ஏதாவது சொல்வோம் என்று இயந்திரம் காத்திருந்தது. நான் கையை நீட்டி அணைத்தேன்.

நவரத்தினம் அண்ணன் சீருடைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பூங்காவில் யாரோ பிள்ளைகள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஷாமளா," என்றார். "இன்னொருக்கா அடியுங்கோ."

அடித்தேன்.